மோடத்தின் மூளை எங்கே இருக்கிறது?

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல்)

மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்றால் கல்லூரிச் சுவர்களுக்கு வெள்ளையடிக்கப்படும், நாற்காலிகளுக்கு எண் எழுதப்படும், பல ஆண்டுகளாகத் திறக்கப்படாத பீரோக்கள் திறக்கப்படும் என்பது நாம் எல்லாரும் அறிந்ததே. சென்ற பருவத்தின் இறுதியில் எங்கள் துறை ஆய்வுக்கூடத்தில் அப்படித் திறந்த ஒரு பீரோவின் அடித்தட்டில் இரண்டு பொருள்கள் கிடைத்தன. ஒன்று, ஓர் அட்டைப்பெட்டி நிறைய மோடம் அட்டைகள். கணிப்பொறியின் வயிற்றுக்குள் செருகப்படும் வகை. எண்ணிப் பார்த்ததில் 14 இருந்தன. மற்றொன்று, சாப்பாட்டு டப்பா அளவில், முகப்பில் சிறு விளக்குகள் வரிசையாக அமைந்த ஒரு கறுப்புப் பெட்டி. அது மேசைமேல் தனியாக வைத்துப் பயன்படுத்தும் வெளி மோடம்.

"தம்பி, ரெண்டும் எடைக்குப் போற சாமான். லிஸ்ட்டுல ஏத்தியாச்சு" என்றார் ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன். ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, கறுப்புப் பெட்டியை ஒரு மணி நேரத்துக்கு மட்டும் கடன் வாங்கினோம். அதன் பின்புறத்தில் இருந்தது 25 துளைகள் கொண்ட பழைய தொடர் இணைப்பு. இன்றைய கணிப்பொறிகளில் அப்படி ஒரு வாயில் இல்லை. எங்கள் வகுப்பு நண்பர் ஒருவர் தம் திட்டப்பணிக்காக வாங்கி வைத்திருந்த யு.எஸ்.பி. மாற்றுக் கம்பியை இடையில் கொடுத்து, லினக்ஸ் இயங்கும் ஒரு கணிப்பொறியில் மாட்டினோம். குறுந்தகடு எதுவும் போடவில்லை; எந்த மென்பொருளையும் தேடிப் பதிவிறக்கவில்லை. மினிகாம் என்ற சிறு நிரலைத் திறந்து, ஏ, டி என்னும் இரண்டு எழுத்துகளை அடித்து, என்டர் விசையைத் தட்டினோம். திரையில் அடுத்த வரியில் 'ஓ.கே.' என்று விடை வந்தது.

இருபது ஆண்டுகளுக்கு மேல் இருட்டில் கிடந்த பொருள், கேட்ட கணமே பதில் சொல்கிறது! அதோடு நாங்கள் நிற்கவில்லை. அலுவலகத்துக்கு எடுத்துச் சென்று, கண்காணிப்பாளரின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாமல் அங்கிருந்த தரைவழித் தொலைபேசிக் கம்பியில் இணைத்து, என் கைப்பேசி எண்ணை அழைக்குமாறு ஆணை கொடுத்தோம். சட்டைப்பையில் கைப்பேசி மணி அடித்தது. எடுத்து "ஹலோ" என்றேன். மோடம் எதிர்பார்த்தது இன்னொரு மோடத்தின் குரலை. என் ஹலோவை அது மதிக்கவில்லை. சற்று நேரம் காத்திருந்துவிட்டு 'நோ கேரியர்' என்று திரையில் எழுதி இணைப்பைத் துண்டித்துக்கொண்டது.

பிறகு அட்டைகளுக்கு வந்தோம். அவற்றுக்கேற்ற துளை உள்ள பழைய கணிப்பொறி ஒன்று மூலையில் கிடந்தது. ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தோம். அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் லினக்ஸ் சொல்லியது. அதனோடு பேச அதற்கு வழி தெரியவில்லை. அட்டைகளோடு வந்த குறுந்தகடு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. கிடைத்திருந்தாலும் அது விண்டோஸ் 98க்கு எழுதப்பட்டது. மாலைக்குள் 14 அட்டைகளும் எடைக்குப் போயின. கறுப்புப் பெட்டி மட்டும் பீரோவுக்குத் திரும்பியது.

இரண்டும் மோடங்கள்தாம். இரண்டும் நல்ல நிலையில் இருந்தவைதாம். ஒன்று பிழைத்து மற்றொன்று மாண்டது ஏன்? "இன்று யாருக்கையா மோடம் வேண்டும்?" என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்கட்டும். இக்கேள்வியின் விடை நம் பணத்தோடும் நம் படிப்போடும் தொடர்புடையது என்பதே என் கருத்து.

மோடம் என்ன செய்கிறது என்பதை வரலாறும் வணிகவியலும் பயிலும் நண்பர்களுக்காகச் சில வரிகளில் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறையினர் இப்பத்தியைத் தாண்டிச் செல்லலாம். தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரை அதிர்வுள்ள ஒலிகளைத்தான் அது ஒழுங்காகக் கடத்தும். கணிப்பொறிக்கோ ஒன்று, பூஜ்யம் என்னும் இரண்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆகவே அந்த ஒன்றையும் பூஜ்யத்தையும் ஒலியாக மாற்றி அனுப்பவும், மறுமுனையில் வந்த ஒலியைத் திரும்ப எண்ணாக மாற்றவும் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. அவரே மோடம். அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1962ல் வெளியிட்ட 103 என்னும் மோடத்தில், அழைப்பவர் பக்கம் ஒன்றுக்கு 1,270 அதிர்வு, பூஜ்யத்துக்கு 1,070 அதிர்வு. விடையளிப்பவர் பக்கம் 2,225, 2,025. வேகம் நொடிக்கு 300 பிட். இன்றைய யூனிகோடு முறையில் 'அம்மா' என்னும் சொல்லை அதன் வழியே அனுப்பினால் அரை நொடி ஆகும். பின்னர் 1984ல் 9,600, 1994ல் 28,800, 1998ல் 56,000 என்று வேகத்துக்கான உலகத் தரங்கள் உயர்ந்துகொண்டே போயின.

வேகத்தைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அமெரிக்காவில் நெடுங்காலம் தொலைபேசி நிறுவனத்தின் கம்பியில் பிறருடைய கருவி எதையும் இணைக்கக் கூடாது என்ற விதி இருந்தது. கார்ட்டர்ஃபோன் வழக்கில் 1968ல் அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் அளித்த முடிவுதான் அக்கதவைத் திறந்துவிட்டது. அதற்கு முன்பும், அதன் பிறகு சில காலமும், தொலைபேசிக் கைப்பிடியை இரண்டு ரப்பர்க் கிண்ணங்களில் கவிழ்த்து வைத்து, ஒலிவழியாகவே கம்பியை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். எதை எதோடு இணைக்கலாம் என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி மோடத்தோடு கூடவே பிறந்தது என்று இதிலிருந்து தெரிகிறதல்லவா?

1981ல் டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் ஆகியோரின் நிறுவனம் ஸ்மார்ட்மோடம் என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கையால் எண் சுழற்ற வேண்டிய தேவை அதோடு மறைந்தது. செய்தி செல்லும் அதே கம்பியிலேயே கணிப்பொறி தன் மோடத்துக்கு ஆணையும் இடலாம். 'கவனி' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளான ஏ, டி. அதன் பின்னே அழைப்பதற்கு ஓர் எழுத்து, இணைப்பைத் துண்டிக்க ஓர் எழுத்து. (அழைப்பதற்கான எழுத்தும் ஏ.டி.யில் வரும் எழுத்தும் ஆங்கிலத்தில் வேறு வேறு. நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் 'டி'யாகிவிடுகின்றன. பொறுத்துக்கொள்க.) பேச்சின் நடுவே மோடத்தைக் கூப்பிட வேண்டுமானால் ஒரு நொடி மௌனம், மூன்று கூட்டல் குறி, மீண்டும் ஒரு நொடி மௌனம். இந்த மௌனத்துக்கு அந்நிறுவனம் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது என்பதையும், மற்றவர்களிடம் அதற்குக் கட்டணம் கேட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனினும் ஏ.டி. ஆணைகளைப் பெரும்பாலான மோடம் தயாரிப்பாளர்கள் மேற்கொண்டார்கள். அவ்வாறு அது ஊர்ப் பொதுக் கிணறு போல ஆயிற்று. எங்கள் கறுப்புப் பெட்டி 'ஓ.கே.' என்றது அந்தப் பொதுமொழியில்தான்.

இத்தகைய மோடத்துக்குள் ஒரு சிறு மூளை இருக்கிறது. ஒலியை எண்ணாக்குவதற்கு ஒரு சில்லு, ஆணைகளைப் புரிந்துகொள்வதற்கு ஒரு சில்லு, இரண்டுமே பெட்டிக்குள்ளேயே உள்ளன. வெளியில் இருப்பது விண்டோசா, லினக்சா, வேறேதுமா என்று அது கேட்பதில்லை. 'ஏ.டி.' என்று யார் கூப்பிட்டாலும் 'ஓ.கே.' என்று சொல்லும்.

1990களின் நடுவில் தயாரிப்பாளர்களுக்கு வேறொரு யோசனை தோன்றியது. கணிப்பொறியின் மையச் செயலி வேகம் பெற்றுவிட்டது. அப்படியிருக்க மோடத்துக்குத் தனி மூளை எதற்கு? அந்தச் சில்லுகளை எடுத்துவிட்டு, அவற்றின் வேலையை ஒரு மென்பொருளாக எழுதி, கணிப்பொறியின் தலையிலேயே சுமத்திவிட்டால் அட்டையின் விலை பெரிதும் குறையுமே! அப்படிப் பிறந்தவற்றை மக்கள் 'வின்மோடம்' என்று அழைத்தார்கள். உண்மையில் அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். பிறகு அந்த இனத்துக்கே பெயராகிவிட்டது. விண்டோசுக்கு மட்டுமே அந்த மென்பொருள் எழுதப்பட்டது. அதன் மூல நிரலோ, சில்லோடு பேசும் முறையோ வெளியிடப்படவில்லை. அட்டையில் எஞ்சியிருந்தது தொலைபேசிக் கம்பியைச் செருகும் ஒரு துளையும் ஒலியை மாற்றும் ஒரு சில்லும் மட்டுமே. மூளையில்லாத உடல் என்று சொன்னால் மிகையாகாது.

இந்த ஏற்பாட்டை நான் முற்றிலும் பழிக்கவில்லை. பொறியியல் நோக்கில் அது கெட்டிக்காரத்தனம். விலை குறைந்ததால் நம் நாட்டில் எத்தனையோ வீடுகளுக்கு முதன்முதலில் இணையம் வந்து சேர்ந்தது அத்தகைய அட்டைகளின் வழியேதான். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது மோடம் வாங்குவதே பெரிய செலவாயிருந்தது என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் நினைவுகூர்வார். மலிவு என்பதை ஏழை மாணவர்கள் படிக்கும் கல்லூரியில் இருந்துகொண்டு இகழ்வது அழகாகாது. ஆனால் மலிவின் விலையை யார் கொடுத்தார்கள்? லினக்ஸ்காரர்கள் மட்டுமா? இல்லை. விண்டோஸ் 98ஐ விட்டு அடுத்த பதிப்புக்குச் சென்றவர்களும் கொடுத்தார்கள். புதிய பதிப்புக்குரிய இயக்கி மென்பொருளைத் தயாரிப்பாளர் எழுதாவிட்டால், விண்டோஸ் வைத்திருப்பவர் கையிலும் அந்த அட்டை வெறும் தகடுதான். ஆகவே இது ஒரு சிறு கூட்டத்தின் முணுமுணுப்பு அன்று; பொருளை விலை கொடுத்து வாங்கிய ஒவ்வொருவரின் வழக்கும் ஆகும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. லினக்ஸ் பிறந்ததே ஒரு மோடத்தின் துணையால்தான். 1991ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், வீட்டிலிருந்தபடியே பல்கலைக்கழகக் கணிப்பொறியோடு மோடம் வழியாகப் பேசுவதற்கு ஒரு முனைய நிரலை எழுதினார். அது வளர்ந்து வளர்ந்துதான் இயங்குதளமாயிற்று. ஒருநாள் மோடத்துக்கு அனுப்ப வேண்டிய அழைப்பு ஆணையைத் தவறுதலாகத் தம் வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார். வன்தட்டு பாவம், தொலைபேசி எண்ணைத் தன்மேல் எழுதிக்கொண்டது! அதிலிருந்த மினிக்ஸ் என்ற இயங்குதளம் கெட்டுப்போனது. அதன் பின்னர் தம் சொந்த இயங்குதளத்திலேயே முழுமூச்சாக இறங்கினார். மோடத்தால் பிறந்த பிள்ளைக்கே சில ஆண்டுகளில் மோடம் கிடைக்காமற் போயிற்று.

லினக்ஸ் அன்பர்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. எந்த மோடம் வேலை செய்யும், எது செய்யாது என்று நீண்ட பட்டியல்களைத் திரட்டினார்கள். சில சில்லுகளுக்கு இயக்கிகளும் எழுதினார்கள். சில நிறுவனங்கள் மூலத்தை மறைத்துக்கொண்டு இயக்கியை மட்டும் கொடுத்தன. அவற்றுள் ஒன்றின் இலவசப் பதிப்பு நொடிக்கு 14,400 பிட் வேகத்துக்கு மேல் போகாது. 56,000 வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். கருவிக்கு ஒருமுறை, அதன் மூளைக்கு ஒருமுறை என்று இருமுறை விலை! 2004ல் இன்னொரு செய்தி வெளியாயிற்று. மூலம் மறைக்கப்பட்ட நிரல்களை ஏற்றினால் லினக்ஸ் கருவானது 'கறைபட்டது' என்று எச்சரிக்கும். ஒரு மோடம் இயக்கி தன் உரிமக் குறிப்பில் கட்டற்ற உரிமத்தின் பெயரை எழுதி, உடனே ஒரு வெற்றெழுத்தை வைத்து, அதன் பிறகு உண்மை நிலையை எழுதியிருந்தது. வெற்றெழுத்தைக் கண்டதும் கரு வாசிப்பதை நிறுத்திவிடும், எச்சரிக்கையும் எழாது. குறிப்புச் சீட்டை முழங்கைக்குள் மறைத்துக்கொண்டு தேர்வு எழுதும் நம் நண்பர்கள் சிலரின் நினைவுதான் எனக்கு வந்தது.

இவையெல்லாம் பிறநாட்டுக் கதைகள் என்று ஒதுக்க முடியாதபடி என் வீட்டிலேயே ஒன்று நடந்தது. தமிழக அரசு 2011ல் தொடங்கிய திட்டத்தின்கீழ் என் அக்காவுக்கு மடிக்கணினி கிடைத்தது. அதில் விண்டோசும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. எங்கள் ஊருக்குக் கம்பிவழி இணையம் அப்போது வரவில்லை. அப்பா பணம் சேர்த்து, பேருந்து நிலையக் கடையொன்றில் பேனா மூடி போன்ற ஒரு டேட்டா கார்டை வாங்கி வந்தார். அதுவும் ஒருவகை வெளி மோடந்தான். தொலைபேசிக் கம்பிக்குப் பதில் சிம் அட்டை. அக்காவுக்குக் கல்லூரியில் லினக்சில் பாடம். பாஸைத் திறந்து அதைச் செருகினால், மோடம் என்று ஒன்று தென்படவே இல்லை. ஒரு குறுந்தகடு தென்பட்டது. உள்ளே விண்டோசுக்கான கோப்புகள்.

கடைக்காரரிடம் கொண்டுபோனோம். "லினக்ஸா? அதெல்லாம் எதுக்கு பாப்பா? தூக்கிட்டு முழுசா விண்டோஸே போட்டுத் தர்றேன், இருநூறு ரூபா குடுங்க" என்றார் அவர். கொடுத்தோம். பாஸ் அழிந்தது. அக்கா லினக்ஸ் பாடத்தைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் படித்ததோடு சரி. தேர்ச்சி பெற்றாள், ஆனால் இன்றும் 'எனக்கு அது பழகவே இல்லைடா' என்பாள். எங்கள் தெருவில் அதே திட்டத்தில் மடிக்கணினி பெற்ற மூவருக்கும் இதே கதைதான்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் உண்மை எனக்கு விளங்கியது. அந்த டேட்டா கார்டு ஒரு வேடதாரி. செருகியவுடன் குறுந்தகடு போல வேடம் போடும். விண்டோசில் உள்ள மென்பொருள் அதைத் தானே நிறுவிக்கொண்டு, 'வேடத்தைக் கலை' என்று ஒரு குறிப்பை அனுப்பும். அப்போதுதான் மோடமாக மாறும். அந்தக் குறிப்பை லினக்சில் அனுப்புவதற்கு யு.எஸ்.பி. மோட்சுவிட்ச் என்ற சிறு நிரல் அந்நாளிலேயே இருந்தது. அக்காவின் கணிப்பொறியில் அது இல்லை; இருக்கிறது என்று சொல்வாரும் இல்லை. நான் சென்ற ஆண்டு அந்தப் பழைய கார்டை எடுத்து, அந்நிரலோடு மாட்டிப் பார்த்தேன். வேடம் கலைந்தது. 'ஏ.டி.' என்று அடித்தேன். 'ஓ.கே.' என்றது! 1981ன் மொழியை அலைபேசித் தரங்களும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கின்றன. *99# என்ற எண்ணை அழைத்தால் இணையம் திறக்கும். என் அக்காவுக்கும் லினக்சுக்கும் நடுவே நின்றது வானளாவிய தொழில்நுட்பம் அன்று. ஒரு சிறிய குறிப்பு. அதைப் பெட்டியின் மேலே ஒரு வரியில் அச்சிட்டிருக்கலாம்.

சரி, இன்று வாங்கப்போகிறவர் எதைப் பார்ப்பது? 'வெளி மோடம்' என்ற சொல்லை மட்டும் நம்பிவிடக் கூடாது. தொடர் இணைப்பு உள்ள வெளி மோடத்தைப் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அந்தக் கம்பியின் வழியே ஒரு மூளையில்லாத பெட்டியை ஓட்டுவது எளிதன்று. யு.எஸ்.பி. மோடம் அப்படியில்லை. வெளியே இருந்தாலும் மூளையைக் கணிப்பொறியிடம் கடன் வாங்குகிறவை அவற்றுள் உண்டு. பெட்டியின் பக்கவாட்டில் 'இவ்வளவு வேகமுள்ள செயலி தேவை' என்று எழுதியிருந்தால் ஐயப்படுங்கள். தன் வேலையைத் தானே செய்யும் மோடத்துக்கு உங்கள் செயலியின் வேகம் எதற்கு? 'சி.டி.சி. ஏ.சி.எம்.' என்ற யு.எஸ்.பி. பொதுத் தரத்தைப் பின்பற்றுவது என்று குறிப்பில் இருந்தால் மகிழ்ச்சியோடு வாங்கலாம். லினக்சிலேயே அதற்குரிய இயக்கி இருக்கிறது. டேட்டா கார்டுகளிலும் தன்னை ஒரு வலையமைப்பு அட்டையாகக் காட்டிக்கொண்டு, உலாவியிலேயே தன் அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் வகை தொல்லை தராது. கைப்பேசியையே யு.எஸ்.பி. கம்பியால் இணைத்து இணையம் பெறுவதும் லினக்சில் எளிதாக நடக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வீட்டுக்கு ஒளியிழை இணைப்புக் கொடுக்க வருகிறவர் சுவரில் மாட்டிச் செல்லும் பெட்டியும் மோடத்தின் வழித்தோன்றலே. அதிலிருந்து ஈதர்நெட் கம்பி ஒன்று வருகிறது, அல்லது வைஃபை. 'உங்கள் கணிப்பொறியில் என்ன இயங்குதளம்?' என்று அவர் நம்மைக் கேட்பதில்லை. கேட்க வேண்டிய தேவையே இல்லாதபடி அந்த வாயில் பொதுத் தரத்தில் அமைந்திருக்கிறது. இதைத்தான் நான் எல்லாக் கருவியிலும் வேண்டுகிறேன். முடியாத ஒன்றை நான் கேட்கவில்லை என்பதற்கு நம் வீட்டுச் சுவரே சாட்சி.

எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் இக்கட்டுரையின் முதற்படியைப் படித்துவிட்டு ஒரு தடையை எழுப்பினார். "உன் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும் நிரலை மட்டும் யார் உனக்குக் காட்டினார்கள்? அதுவும் இரகசியந்தானே?" என்றார். உண்மை. மறுப்பதற்கில்லை. 1983ல் குனு திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் போன்றோர், கருவிக்குள் இருக்கும் நிரலும் மாற்றத்தக்கதாயின் அதுவும் பயனாளர் கையில் இருக்க வேண்டும் என்பார்கள். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. வீட்டின் உள்ளறையைத் திறந்து காட்டு என்று நான் கேட்கவில்லை. வாசலில் நின்று கூப்பிட்டால் எல்லாருக்கும் தெரிந்த மொழியில் பதில் சொல் என்கிறேன். இது அரைகுறை நிலைப்பாடு என்று சிலர் சொல்லலாம். நம்மைப் போன்ற கல்லூரியில் உடனே செய்யக்கூடியது அதுதான் என்பதால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உடனே செய்யக்கூடியது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் துறையில் திட்டப்பணிக்காக வாங்கிய 10 யு.எஸ்.பி. மோடங்கள் இரண்டு ஆண்டுகளாகப் பெட்டி பிரிக்காமல் இருக்கின்றன. விலைப்புள்ளி கேட்டதில் மிகக் குறைந்த விலை கொடுத்தவரிடம் விதிப்படி வாங்கியவை. வந்த பிறகுதான் தெரிந்தது, அவற்றுக்குரிய இயக்கி விண்டோசுக்கு மட்டுமே உண்டு என்று. எங்கள் ஆய்வுக்கூடத்திலோ எல்லாக் கணிப்பொறியிலும் லினக்ஸ். யாரையும் குறை கூற எனக்கு உரிமையில்லை. கேட்டவர்கள் 'மோடம்' என்று கேட்டார்கள், கொடுத்தவர் மோடம் கொடுத்தார். ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் யார்? எங்கள் வகுப்பில் வேளாண் குடும்பத்திலிருந்து வரும் நண்பர் ஒருவர், கிணற்று மோட்டாரைக் குறுஞ்செய்தியால் நிறுத்தவும் ஓட்டவும் ஒரு கருவி செய்ய விரும்பினார். துறை மோடம் பயன்படாததால், தம் கைப்பணத்தில் சிம் பொருத்தும் ஒரு சிறு தொகுதியை வாங்கினார். அதுவும் பேசுவது ஏ.டி. மொழியேதான். முதல் நாளில் ஒரு சிம்மைப் போட்டுப் பார்த்து வேலை செய்யாமல் திகைத்தார். தொகுதி இரண்டாம் தலைமுறை வலையமைப்புக்குரியது. அவர் போட்டதோ நான்காம் தலைமுறை மட்டுமே உள்ள நிறுவனத்தின் சிம். வேறு சிம் மாற்றியதும் மோட்டார் ஓடியது. பருவத் தேர்வுக்கு முந்தைய இரவு அவர் தந்தை வயலில் நின்று தொலைபேசியில் "டேய், தண்ணி வருதுடா!" என்று கூவியதை விடுதியில் நாங்கள் அனைவரும் கேட்டோம். அந்தத் தொகுதிக்கு அவர் செலவழித்த பணம் அவருடைய ஒரு மாதத்து உணவகக் கட்டணத்தின் பெரும்பகுதி.

ஆகவே துறைத்தலைவரிடம் சென்று நானும் நண்பர்கள் மூவரும் ஒரு வேண்டுகோள் வைத்தோம். அடுத்த முறை விலைப்புள்ளி கேட்கும் தாளில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும்: கொடுக்கப்படும் மோடம், தனி மென்பொருள் எதையும் நிறுவாமல், லினக்ஸ் கணிப்பொறியில் இணைத்தவுடன் ஏ.டி. ஆணைக்கு விடையளிக்க வேண்டும். பட்டியலுக்குப் பணம் கொடுக்குமுன் ஒரு மாணவன் பத்து நிமிடம் அதைச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். கல்லூரிக்கு இதனால் ஒரு காசும் கூடுதல் செலவில்லை. அச்சுப்பொறி, வருடி, கைரேகைப் பதிவுக் கருவி என எதற்கும் இவ்வரியைச் சற்றே மாற்றிச் சேர்க்கலாம்.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். "விலை குறைந்தவனை விட்டுட்டு வேறு ஆளிடம் வாங்கினால் தணிக்கையில் கேட்பார்களே, அதற்கு என்ன சொல்வது?" என்றார். தேவை இன்னது என்று முன்கூட்டியே தாளில் எழுதிவிட்டால், அத்தேவையை நிறைவேற்றுகிறவர்களுள் விலை குறைந்தவரிடம்தானே வாங்கப்போகிறோம் என்றோம். சற்று நேரம் சிந்தித்துவிட்டு, "சரி, எழுதிக் கொடுங்கள். கொள்முதல் குழுவில் வைக்கிறேன்" என்றார். மறுநாளே எழுதிக் கொடுத்தோம். அதன் நகல் துறை அலுவலகக் கோப்பில் இருக்கிறது, விரும்புவோர் பார்க்கலாம். பிற துறை நண்பர்கள் தங்கள் கருவிகளுக்கேற்ப அதை மாற்றி எழுதிக்கொள்ளவும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. குழு இன்னும் கூடவில்லை. கறுப்புப் பெட்டியின் மேல் உதவியாளர் அண்ணன் ஒரு துண்டுத்தாளை ஒட்டி, 'எடைக்கு அல்ல' என்று எழுதி வைத்திருக்கிறார்.